இது ஆரின்ர இடம், அம்மா?

உங்கள் ஐந்து வயது மகன் ப்ரீஸ்கூலிலிருந்து வந்து அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "எங்கட வீடு இருக்கிற இடத்தில முந்தி ஆர் இருந்தவை?" "அவையின்ர இடத்தைக் களவெடுத்திட்டினமா?" "அப்ப நாங்களும் களவெடுத்தனாங்களா?" முதல் கேள்விக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தீர்கள். மற்ற இரண்டுக்கும் பேச்சை மாற்றிவிட்டீர்கள். இவ்வளவு சின்னப் பிள்ளையிடம் காலனியாதிக்கத்தைப் பற்றி, அதுவும் இந்த ஆஸ்திரேலிய மண்ணின் பூர்வகுடி மக்களின் பக்கத்தில் நின்று, எப்படிப் பேசுவது, பேசத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

பேச வேண்டும். நான் மேற்கு சிட்னியில் பதினான்கு ஆண்டுகளாக மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். இந்த வயதில் வரலாறு தெரியாது. ஆனால் "இது என்னுடையது", "கேட்காமல் எடுத்தாய்", "நான்தான் முதலில் இருந்தேன்" இந்த மூன்றும் பெரியவர்களைவிட நன்றாகவே தெரியும். ஒரு நாளில் பாதி நேரம் எங்களுக்கு அந்தப் பஞ்சாயத்துதான். காலனியாதிக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை அங்கேயே இருக்கிறது. ஆஸ்திரேலிய முன்பள்ளிக் கல்விக்கான தேசியச் சட்டகம் 2009-இல் வந்தது. 2022-இல் அதைத் திருத்தியபோது, பூர்வகுடிகளான அபோரிஜினல் மக்கள், டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் ஆகியோரின் பார்வையைத் தனியொரு கோட்பாடாகவே சேர்த்தார்கள். ஆகவே உங்கள் மகனின் ஆசிரியை தன் இஷ்டத்துக்கு இதைப் பேசவில்லை. அவர் பேசித்தான் ஆக வேண்டும். வீட்டிலும் யாராவது பேசினால் பிள்ளைக்கு இரண்டும் ஒட்டும்.

எப்படிப் பேசுவது என்பதற்கு என் பதில் முக்கியமாக ஒன்றுதான்: கதையைக் கரையிலிருந்து தொடங்குங்கள். நாம் படித்த பாடப்புத்தகம் கப்பலிலிருந்து தொடங்கியது. கேப்டன் குக் வந்தார், கண்டுபிடித்தார், கொடி நாட்டினார். கப்பல் தளத்தில் நின்று பார்க்கும் பிள்ளைக்குக் கரையில் இருப்பவர்கள் எறும்பு மாதிரித் தெரிவார்கள். கரையில் நிற்கும் பிள்ளைக்குப் பாட்டி பக்கத்தில் இருக்கிறாள், மீன் சுடும் வாசம் வருகிறது, தூரத்தில் வெள்ளையாக என்னவோ மிதந்து வருகிறது. பிள்ளையை எந்த இடத்தில் நிற்க வைக்கிறீர்களோ அந்த இடத்து ஆட்களின் பெயரும் முகமும்தான் அதன் மனதில் நிற்கும்.

முதலில் காலம். வடக்கே கக்காடு பகுதியில் மாட்ஜெட்பெபே என்ற பாறை ஒதுக்கிடத்தில் கிடைத்த மனிதத் தடயங்களுக்கு 65,000 ஆண்டு வயது சொல்கிறார்கள். இந்த எண்ணை ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. நான் சேலையால் அளந்து காட்டுவேன். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 65 மீட்டர் வருகிறது. ஐந்தரை மீட்டர்ச் சேலை பன்னிரண்டை முனையோடு முனை சேர்த்தால் அந்த நீளம். பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து இன்றுவரை ஆன காலம், கடைசிச் சேலையின் முந்தானை ஓரத்தில் ஒரு சாண். ஒரு வருடம் பெற்றோரிடம் பழைய சேலைகள் கேட்டு வாங்கிப் புல்வெளியில் விரித்து இதைச் செய்தோம். ஒரு சிறுமி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டே அந்தக் கடைசித் துண்டின் மீது கையை விரித்து வைத்துப் பார்த்தாள். அவளுடைய குட்டிக் கைக்கு ஒன்றரைச் சாண் வந்தது. "இவ்வளவுதானா?" என்று இரண்டு முறை கேட்டாள். உங்களிடம் பன்னிரண்டு சேலை தேறாவிட்டால் உல்லன் நூல் உருண்டை போதும்.

அடுத்தது இடம். நீங்கள் இருப்பது டூங்காபி. தாருக் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் அது. டூங்காபி என்ற பெயரே அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். பக்கத்தில் பரமட்டா. அதன் மூல வடிவம் "புர்ரமட்டா". "புர்ரா" என்றால் விலாங்கு மீன். விலாங்குகள் கிடக்கும் இடம் என்று பொருள். அங்கே வாழ்ந்தவர்கள் புர்ரமட்டகல் குலத்தார். பரமட்டா ரக்பி அணிக்கு ஏன் விலாங்கின் பெயர் என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள், பிறகு இதைச் சொல்லுங்கள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வாம்பட், வாலபி, டிங்கோ, கோலா எல்லாம் சிட்னிப் பகுதி மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். கங்காரு மட்டும் வடக்கே குக்டவுன் பக்கத்து கூகு யிமிதிர் மொழியிலிருந்து வந்தது. உங்கள் மகன் இத்தனை நாளாகத் தாருக் மொழியில் நாலு சொல் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். ஆங்கிலேயர் வந்தபோது இந்தக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. "ஆஸ்திரேலியப் பூர்வகுடி மொழி" என்று ஒன்று கிடையாது, "இந்திய மொழி" என்று ஒன்று இல்லாத மாதிரி. மெல்பர்னில் இருப்பவர்கள் உருஞ்சேரி மக்களிடமிருந்தும் அவர்களுடைய பிர்ரருங் ஆற்றிலிருந்தும் தொடங்கலாம். அவரவர் காலடியில் யாருடைய நிலம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூர்வகுடி மக்கள் ஆங்கிலத்தில் "கன்ட்ரி" என்று சொல்லும்போது தேசம் என்ற பொருளில் சொல்வதில்லை. ஆறு, கல், மரம், விலாங்கு, முன்னோர், கதை, அதைப் பார்த்துக்கொள்ளும் கடமை எல்லாம் சேர்ந்தது அது. தாருக் மொழியில் "நுரா". நம்மிடம் "ஊர்" என்ற சொல் கொஞ்சம் பக்கத்தில் வரும். இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் "எந்த ஊர்?" என்று கேட்கிறோம் அல்லவா, அவர்களும் சந்தித்தவுடன் "உன் கூட்டம் யார், எங்கிருந்து வருகிறாய்?" என்றுதான் கேட்பார்கள். ஐந்து வயதுக்கு நான் சொல்வது இவ்வளவே: "இந்த ஊர் அவர்களைப் பார்த்துக்கொண்டது, அவர்கள் இந்த ஊரைப் பார்த்துக்கொண்டார்கள்."

இதுவரை சண்டை, சாவு எதுவும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அந்த வீட்டாரோடு பழகிய பிறகுதான் அந்த வீடு பறிபோனது வலிக்கும். பல பள்ளிகளில் இந்த முதல் பகுதியை ஒரே நாளில் முடித்துவிட்டு இழப்புக்கு ஓடுகிறார்கள். அப்போது பிள்ளைகளின் மனதில் அந்த மக்கள் பாவப்பட்டவர்களாக மட்டுமே பதிகிறார்கள். நான் பல வாரம் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம், வந்தவர் எல்லோரும் பறித்தவர் அல்ல என்று காட்ட ஓர் அருமையான கதை இருக்கிறது. இன்றைய இந்தோனேசியாவின் மக்காசர் துறைமுகத்திலிருந்து பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டு படகுகள் வட ஆஸ்திரேலியக் கரைக்கு வரும். எதற்கு? கடல் அட்டைக்கு. யாழ்ப்பாணத்திலும் ராமேஸ்வரத்திலும் நமக்குத் தெரிந்த அதே கடல் அட்டை. அங்குள்ள யோல்ங்கு மக்களோடு பழகி, இரும்பும் துணியும் கொடுத்து, அட்டையை அவித்து உலர்த்தி, காற்று திரும்பும்போது ஊருக்குப் போய்விடுவார்கள். அட்டை சீனச் சந்தைக்குப் போகும். பிரிட்டிஷார் குடியேறுவதற்கு முன்பே தொடங்கிய இந்தப் போக்குவரத்து தெற்கு ஆஸ்திரேலிய அரசு உரிமம் தர மறுத்ததால் 1907-இல் நின்றது. உரசலே இல்லாத உறவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர்கள் நிலத்தைத் தமதென்று சொல்லவில்லை. யோல்ங்கு மொழியில் வெள்ளைக்காரரை இன்றும் "பலண்டா" என்கிறார்கள். ஹாலந்துக்காரர் என்ற சொல் மக்காசர் மாலுமிகள் வாய்வழி வந்து அப்படி ஆனது. விருந்தாளி என்றால் என்ன, பறிப்பவர் என்றால் என்ன என்ற வேறுபாட்டைப் பிள்ளை இந்தக் கதையிலேயே பிடித்துக்கொள்ளும்.

இப்போது கப்பல் வரட்டும். 1770 ஏப்ரல் 29. கமே என்ற குடா. வரைபடத்தில் பாட்டனி பே. கரையில் க்வீகல் குலத்து ஆண்கள் இருவர் ஈட்டியோடு நின்று இறங்காதே என்று தடுத்தார்கள். குக்கின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டார்கள், ஒருவருக்குக் காயம். பிறகு அங்கிருந்த குடில்களுக்குள் போய் நாற்பது ஈட்டிகளுக்கும் குறையாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். அவற்றில் நான்கு கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து கேம்பிரிட்ஜிலேயே இருந்தன. 2024-இல் அந்த நான்கையும் அதே குடாக்கரையில் உள்ள லா பெரூஸ் பூர்வகுடிச் சமூகத்தாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 254 ஆண்டு கழித்து.

உங்கள் மகனின் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. "ஓம், கேட்காமல் எடுத்தவை" என்று சொல்லுங்கள். ஈட்டியைக் கதையாகச் சொல்லுங்கள். ஈட்டி யாருடையது, வாசலில் தடுத்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள், அந்த ஈட்டி இல்லாமல் மறுநாள் மீன் எப்படிப் பிடித்திருப்பார்கள், திருப்பிக் கொடுத்தபோது பேரப்பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். நான் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டது: "மிச்சம் முப்பத்தாறு எங்கே?" அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. "இல்லை, கிடைக்கவில்லை" என்றேன். அவன் அதைக் கேட்டுச் சும்மா இருந்தான். எல்லாக் கேள்விக்கும் ஆறுதலான பதில் தேட வேண்டியதில்லை.

1788 ஜனவரி 26-இல் பதினொரு பிரிட்டிஷ் கப்பல்கள் வர்ரேன் என்ற துறைக்கு, அதாவது இன்றைய சர்க்குலர் கீக்கு, வந்து சேர்ந்தன. பாட்டனி பேயில் சில நாள் நின்று பார்த்துவிட்டு இங்கே மாறினார்கள். அது கடிகல் மக்களின் நிலம். நிலத்துக்கு விலை கொடுக்கவில்லை, ஒப்பந்தம் போடவில்லை. அடுத்த ஆண்டே பெரியம்மை வந்தது. சிட்னியைச் சுற்றி வாழ்ந்த பூர்வகுடி மக்களில் பாதிப்பேர் வரை அதில் இறந்தார்கள் என்று அக்காலக் குறிப்புகளிலிருந்து கணிக்கிறார்கள். ஐந்து வயதுக்கு, "அவர்களுக்குப் பழக்கமில்லாத நோய் வந்தது, நிறையப் பேர் செத்துப்போனார்கள், அது ரொம்பத் துயரமான காலம்" என்பது போதும். மறைக்கவும் வேண்டாம், வர்ணிக்கவும் வேண்டாம்.

இந்தக் காலத்தை நான் சொல்வது பரங்காரு என்ற பெண்ணை வைத்து. சிட்னியில் அந்தப் பெயரில் இன்று மெட்ரோ ஸ்டேஷனே இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பெயர் பழக்கம். அவர் கம்மரைகல் குலத்தவர், மீன் பிடிப்பதில் கைதேர்ந்தவர். இந்தத் துறைமுகத்தில் தூண்டில் பெண்களின் தொழில், ஈட்டி ஆண்களின் தொழில். ஒரே மரப்பட்டையை மடித்துக் கட்டிய "நவி" என்ற சின்னஞ்சிறு ஓடத்தில் பெண்கள் போவார்கள். கூடவே கைக்குழந்தையும் இருக்கும். ஓடத்துக்குள்ளேயே களிமண் திட்டில் சிறு நெருப்பு எரியும், பிடித்த மீனை அதிலேயே சுட்டுத் தின்னலாம். குர்ராஜாங் மரத்து நாரைத் திரித்துக் கயிறு. தூண்டில் முள், சிப்பி ஓட்டைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பிறைபோல் வளைத்தது. உட்பக்கம் முத்துப்போல் மின்னும். பாடிக்கொண்டே பிடிப்பார்கள்.

வகுப்பில் ஒரு நீலச் சேலையைத் தரையில் விரித்து, மேலே சட்டைப் பொத்தான்களைத் தூவுவேன். பொத்தான்தான் மீன். யூகலிப்டஸ் பட்டைத் துண்டு ஓடம். ஓர் ஓடம், ஒரு கயிறு, ஒரு மீன், அடுத்த மீன் என்று மெதுவாகக் கதை போகும். குழந்தைகளுக்கு எத்தனை, கிழவிகளுக்கு எத்தனை என்று பிள்ளைகளே பங்கு பிரிப்பார்கள். சரி, அப்புறம் வெள்ளைக்காரர்கள் பெரிய வலையோடு வருகிறார்கள். 1790-இல் ஒரே நாளில் ஏறத்தாழ 4,000 சாமன் மீன்களை வலையால் வாரி எடுத்தார்கள். அதைச் சொல்லிக்கொண்டே ஒரு துணியால் பொத்தான்களை மொத்தமாக வழித்து எடுத்துவிடுவேன். சேலை வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு கணம் அமைதி. பிறகு யாராவது ஒரு பிள்ளை, "கொஞ்சம் விட்டிருக்கணும்" என்று சொல்லும். ஒரு வருடம் ஒரு சிறுமி எழுந்து வந்து என் கையிலிருந்த துணியைப் பிரித்து நாலு பொத்தானை எடுத்துச் சேலையில் திரும்ப வைத்தாள். இதற்கு மேல் நான் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை. பரங்காரு கவர்னர் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோதும் ஆங்கிலேயர் உடையைப் போட மறுத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இங்கே கவனம் தேவை. நான் பொத்தான்களைத்தான் எடுக்கிறேன். பிள்ளைகளின் பொம்மையையோ இடத்தையோ எடுப்பதில்லை. சில இடங்களில் வகுப்பைக் கயிறு கட்டிப் பிரித்து, ஒரு பாதிப் பிள்ளைகளை மூலைக்குத் தள்ளி, "இப்படித்தான் நடந்தது, உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் பயிற்சி நடத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வகுப்பில் ஒரு பூர்வகுடிப் பிள்ளை இருந்தால் அதற்கு அது விளையாட்டு அல்ல. போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை இருந்தாலும் அப்படியே.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஜூலை மாதம், பூர்வகுடிப் பண்பாட்டு வாரத்துக்காகப் பிள்ளைகளைக் காகிதத் தட்டில் பஞ்சுக் குச்சியால் புள்ளி ஓவியம் போடவைத்து வாசலில் வரிசையாக மாட்டினேன். பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு தாருக் பாட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் இது எங்களுடையது இல்லையே" என்றார். கோபம் எதுவும் இல்லை குரலில். புள்ளி ஓவியம் மத்தியப் பாலைவனத்து மக்களுடையது. 1970-களின் தொடக்கத்தில் பப்புன்யாவில் பலகையிலும் துணியிலும் வரையத் தொடங்கி உலகமெங்கும் பரவியது. அதன் குறிகளுக்குச் சொந்தக்காரர்களும் கதைகளும் உண்டு. சிட்னிக்காரர்கள் மணற்பாறையில் திமிங்கிலமும் மீனும் செதுக்கியவர்கள். தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு ராஜஸ்தான் கைவேலையைக் காட்டி "இது உன் பாட்டி செய்தது" என்று சொன்ன மாதிரிதான் நான் செய்திருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் அந்தப் பாட்டியிடமே போய் என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விலாங்கைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு எதையும் கேட்காமல் செய்வதில்லை. டிட்ஜெரிடூவும் அப்படித்தான், வடக்கிலிருந்து வந்த கருவி. எல்லோருக்கும் பொதுவாக்கிவிடாதீர்கள்.

வீட்டுப் பேச்சில் சொற்களைப் பாருங்கள். "கண்டுபிடித்தார்" வேண்டாம். ஆள் இருக்கும் வீட்டை யாரும் கண்டுபிடிப்பதில்லை. "காட்டு ஆட்கள்", "ஆதிவாசிகள்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் வரும், பிள்ளை முன்னால் மெதுவாகத் திருத்துங்கள். "இருந்தார்கள்" என்று இறந்தகாலத்தில் முடிக்காமல் "இருக்கிறார்கள்" என்று சொல்லப் பழகுங்கள். 2021 கணக்கெடுப்பில் 8,12,728 பேர் தங்களைப் பூர்வகுடியினர் என்று பதிந்திருக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் அவர்கள் அதிகம் வாழும் நகரசபைகளில் உங்கள் பக்கத்து பிளாக்டவுன் முக்கியமானது. "குடியேற்றம்" என்ற சாதுவான சொல்லைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையின் கிழக்கிலும் வன்னியிலும் அந்தச் சொல் என்ன செய்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் சும்மா விட்டுக்கொடுத்தவர்கள் அல்ல என்பதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இதற்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம். பெமுல்வுய் என்ற பிட்ஜிகல் வீரர் 1790 முதல் 1802 வரை பன்னிரண்டு ஆண்டு எதிர்த்து நின்றார். 1797-இல் அவருடைய ஆட்கள் தாக்கியது உங்கள் டூங்காபியில் இருந்த அரசுப் பண்ணையை. தொடர்ந்து பரமட்டாவில் நடந்த மோதலில் குண்டடி பட்டுப் பிடிபட்டார். காலில் விலங்கோடு மருத்துவமனையிலிருந்து தப்பினார். அவர் பெயரில் ஒரு புறநகரே உங்கள் வீட்டிலிருந்து சில நிமிடத்தில் இருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போது காரில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் முடிவை, தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பியதை, இப்போது சொல்ல வேண்டாம். பத்து வயதுக்கு மேல் அவனே படிப்பான், 1838-இல் மயல் க்ரீக்கில் பூர்வகுடி மக்கள் 28 பேரைக் கொன்றதையும் அப்போது படிக்கட்டும்.

மரியா என்ற சிறுமியின் கதை இன்னும் பொருத்தம். யர்ரமுண்டி என்ற தாருக் தலைவரின் மகள். கவர்னர் மக்குவாரி பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்க 1814-இல் பரமட்டாவில் பள்ளி ஒன்றை அமைத்தார். முதலில் சேர்க்கப்பட்டவர்களில் மரியாவும் ஒருத்தி. 1819 தேர்வில் வெள்ளைப் பிள்ளைகள் ஏறத்தாழ நூறு பேரும் சேர்ந்து எழுத, முதல் பரிசு மரியாவுக்கு. அந்தப் பள்ளி பிறகு இடம் மாறிய இடம்தான் பிளாக்டவுன், ஊருக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். வளர்ந்த பிறகு மரியா, இறந்துபோன தன் சகோதரனுக்குக் கொடுக்கப்பட்டிருந்த நிலத்தைக் கேட்டு 1831-இல் கவர்னருக்கு மனு எழுதினார். 1843-இல் அது கைக்கு வந்தது. சொந்த மண்ணில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கப் பன்னிரண்டு ஆண்டு. பள்ளி இருந்த நிலம் 2018-இல் தாருக் மக்களிடம் திரும்பியது. மரியாவின் வழிவந்தவர்கள் இன்று மேற்கு சிட்னியில் ஏராளம். உங்கள் மகனின் வகுப்பிலேயே ஒருவர் இருக்கக்கூடும்.

மரியாவிடமிருந்து தொடங்கினால், பறிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேச வழி கிடைக்கும். இதுதான் கடினமான இடம். 1910 முதல் 1970 வரை, பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒரு பிள்ளையிலிருந்து மூன்றில் ஒரு பிள்ளை வரை அதிகாரிகளால் குடும்பத்திலிருந்து எடுக்கப்பட்டதாக 1997 விசாரணை அறிக்கை சொன்னது. பல தாய்மார் அதிகாரி வரும்போது பிள்ளையின் நிறம் வெளுத்துத் தெரியாதபடி மேலே கரியைப் பூசி ஒளித்து வைத்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளை இதைக் கேட்டவுடன் நினைப்பது வரலாற்றை அல்ல, "என்னையும் கொண்டுபோவார்களா?" என்பதை. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுங்கள்: உன்னை யாரும் கொண்டுபோக மாட்டார்கள், அது ஒரு கெட்ட சட்டம், மக்கள் போராடி மாற்றினார்கள், 2008 பிப்ரவரி 13-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு ஆகஸ்ட் 4-ஐப் பற்றிச் சொல்லுங்கள். எடுத்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் பலருக்குத் தங்கள் பிறந்தநாளே தெரியாது. எல்லோருக்கும் பொதுவாக ஆகஸ்ட் 4-ஐப் பிறந்தநாளாக வைத்துக் கொண்டாடினார்கள். 1988 முதல் அது பூர்வகுடிப் பிள்ளைகளின் தேசிய நாள். பிறந்தநாள் தெரியாமல் இருப்பது என்றால் என்ன என்று ஐந்து வயதுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நான் அந்த நாளில் கேக் வெட்டுவதில்லை. அந்தந்த இடத்துப் பூர்வகுடி அமைப்பு நடத்தும் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன்.

இனி மூன்றாவது கேள்வி. நாங்களும் களவெடுத்தனாங்களா? "இல்லை" என்று உடனே சொல்லி முடித்துவிடத் தோன்றும். அப்படிச் சொன்னால் பாதி உண்மைதான். நான் என் மகளிடம் சொன்னது இது: "நாம் எடுக்கவில்லை. நாம் பின்னால் வந்தோம். ஆனால் எடுத்த இடத்தில்தான் நம் வீடு இருக்கிறது. அதனால் இது யாருடைய ஊர் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவர்கள் கேட்கும்போது அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "விருந்துக்கு வந்தவங்க மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றேன். ப்ரீஸ்கூலில் தினமும் காலையில் இந்த மண்ணின் மக்களுக்கு வணக்கம் சொல்கிறார்களே, அதன் பொருள் அதுதான் என்றும் சொன்னேன். அந்த வணக்கத்தை யாரும் சொல்லலாம். "வாருங்கள்" என்று வரவேற்கும் உரிமை அந்த மண்ணுக்குரியவர்களுக்கு மட்டும்.

உங்கள் மாமி யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு வந்த கதையைப் பேரனிடம் சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு மனம் இருந்தால் சொல்லட்டும். வீடு போவது என்றால் என்ன என்று அவன் வீட்டிலேயே தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் இரண்டு கதையையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். தன் வலியைச் சொல்லி அடுத்தவர் வலியின் இடத்தைப் பிடித்துக்கொள்வது எளிது, நம் கூட்டங்களில் அதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 26 வரும்போது உங்கள் தெருவில் கொடிகள் பறக்கும். 1938-இல் அதே நாளில் சிட்னியில் பூர்வகுடித் தலைவர்கள் கூடி அதைத் துக்கநாளாக அறிவித்தார்கள். மாலையில் பார்பிக்யூவுக்கு அழைப்பு வந்தால் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். பகலில் மகனை விக்டோரியா பார்க்கில் நடக்கும் யபுன் விழாவுக்குக் கூட்டிப் போங்கள். பாட்டு, ஆட்டம், சாப்பாடு, கைத்தொழில் எல்லாம் இருக்கும், குடும்பம் குடும்பமாக வருவார்கள். கறுப்பு, சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம் உள்ள கொடியை நிறையப் பார்ப்பான். 1971-இல் ஹெரால்ட் தாமஸ் வரைந்தது. கறுப்பு மக்கள், சிவப்பு மண், மஞ்சள் சூரியன். அவன் வீட்டுக்கு வந்து வரைந்தால் வரையட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வரும் சனிக்கிழமை பரமட்டா ஆற்றங்கரைக்குப் போங்கள். படகுத்துறைப் பக்கம் நடைபாதையிலேயே இந்த ஆற்றின் கதையைத் தாருக் மக்கள் பக்கத்திலிருந்து ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள், மகனோடு மெதுவாக நடந்து பாருங்கள். நீண்ட துடுப்பு விலாங்குகள் இந்த ஆற்றிலிருந்து பவளக் கடல் வரை நீந்திப் போய் முட்டையிட்டு அங்கேயே இறந்துவிடும். கண்ணாடி போன்ற குஞ்சுகள் தாமாகவே வழி தேடி இந்தப் பக்கத்து ஆறுகளுக்கு வந்து, தடுப்பணைச் சுவரில் ஈரமான இடம் பார்த்து ஊர்ந்து ஏறிவிடும். தண்ணீர் கலங்காத இடத்தில் சற்று நேரம் குனிந்து நில்லுங்கள். ஒன்று கண்ணில் பட்டால் அவனையே அதன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். புர்ரா.